எதை மறந்தார்?

திருநீர்மலையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

திருநீர்மலைக்கு வருகிற முதியவர்களில் பலர் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். முழங்கால் ஒத்துழைப்பதில்லை. கீழே நின்ற கோலத்தில் இருக்கும் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, குளக்கரைப் பக்கம் உட்கார்ந்து, படியேறிப் போன பிள்ளைகள் திரும்பி வரக் காத்திருப்பார்கள். மலைமேல் இன்னும் மூன்று கோலங்கள் இருக்கின்றன. அமர்ந்த கோலத்தில் நரசிம்மர், பள்ளிகொண்ட கோலத்தில் ரங்கநாதர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள். மலை ஒன்று, சேவை நான்கு. கீழே மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்குக் கிடைப்பது கால்பங்குதான்.

டிமென்ஷியா என்கிற மறதி நோயைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சும் இப்படி அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. "அப்பாவுக்கு ஞாபகம் சரியில்ல" என்கிறார்கள். "எது ஞாபகம் இல்ல?" என்று யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத அந்தக் கேள்விதான் இந்தச் சொற்பொழிவின் பொருள். மூளைப் படம் எடுக்கும் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகே அது முழுப் பயன் தரும்.

பழகிய சொற்களே நம்மைத் திசைதிருப்புகின்றன. "வயசாயிடுச்சு" என்பது முதல் சொல். "புத்தி தடுமாறுது" என்பது அடுத்தது. யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்ந்திட்டுது" என்பார்கள். இது வயதின் இயல்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற இரண்டு எண்ணங்கள் இந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் தவறு. மறதி நோய் என்ற பெயரிலேயே பாதிப் பிழை உண்டு. இந்தக் குடும்பத்து நோய்களில் சில, மறதியே இல்லாமல் தொடங்குகின்றன.

திருநீர்மலைக்குத் தென்கிழக்கே, பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது திருப்போரூர். 1990களில் ராஜ்குமார், குமார், தாரா என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பகுதியில் 60 வயதைக் கடந்த 750 பேரை ஆராய்ந்தார்கள். 1997இல் முடிவு வெளியானது. நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. இந்தியக் கிராமப்புறத்தில் இந்த நோயை எண்ணிப் பார்த்த முன்னோடி ஆய்வுகளில் அதுவும் ஒன்று. இந்த நோய் மேல்நாட்டுக்காரர்களுக்கு வருவது, கூட்டுக்குடும்பத்தில் வாழும் நமக்கு வராது என்ற நம்பிக்கை முருகன் குடிகொண்ட அந்த ஊரிலேயே உடைந்தது.

அடுத்த கதை வேலூர்க் கிராமங்களில் நடந்தது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அந்த நாடுகளில் நடப்பதில்லை என்ற குறையைப் பெயரிலேயே சுமந்து 1998இல் '10/66' என்ற ஆய்வுக் குழு பிறந்தது. அது பிறந்த இடம் கொச்சி. சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் 65 வயதைக் கடந்தவர்களை அந்தக் குழு ஆராய்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த டி.எஸ்.எம்.-4 என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு இருந்த நோய், இந்தியக் கிராமத்தில் வெறும் 0.3 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. 2008இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது.

ஆயிரத்துக்கு மூன்று பேர். மகிழ்ச்சி அடைய வேண்டிய கணக்கா? இல்லை. அந்த அளவுகோலின்படி, மறதி இருந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை கெட்டிருப்பதாக வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீட்டார் அப்படிச் சொல்வதில்லை. பாட்டிக்குச் சமையல் பொறுப்பு இல்லை, தாத்தாவுக்குப் பணப் பொறுப்பு இல்லை. வேளைக்குச் சோறு, திண்ணையில் ஓர் இடம். எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் இழப்பு எப்படிக் கண்ணில் படும்? அதே மக்களை, கல்வியையும் பண்பாட்டையும் கணக்கில் கொண்டு தயாரித்த வேறு அளவுகோலால் பார்த்தபோது எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. நோய் இருந்தது. கண்டுகொள்ளத்தான் ஆள் இல்லை.

நாடு முழுவதும் நடந்த லாசி-டாட் ஆய்வு 2023இல் தந்த மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு என்பது 2021க்கான மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

இனி, ஞாபகம் என்பது என்ன என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அமெரிக்கரிடம் போகாமல் தீராது. ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையில் இரண்டு பக்கமும், காதுக்கு உட்புறமாக, நெற்றிப்பொட்டு மடலின் உள்மடிப்பில் இருந்த ஒரு சிறு பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து ஹென்றியின் மனத்தில் புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் பேசிய மருத்துவர் மாலையில் வந்தால் புது ஆள். சிறு வயது நினைவுகள் இருந்தன. பேச்சு இருந்தது. அறிவு குறையவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரம் ஒன்றின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். நாளுக்கு நாள் ஹென்றியின் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் இந்த வேலையைச் செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். கை கற்றது, அவருக்குத் தெரியவில்லை. ஞாபகம் என்பது ஒரே பெட்டி அல்ல என்பது அந்தப் பென்சில் கோட்டில்தான் உலகத்துக்குப் புலப்பட்டது. 2008இல் ஹென்றி இறந்தார். அவருடைய மூளை 2,401 மெல்லிய சீவல்களாக அறுக்கப்பட்டு ஆய்வுக்காகப் பாதுகாக்கப்படுகிறது.

நேற்று நடந்த கல்யாணத்துக்குப் போய்வந்தது நிகழ்ச்சி ஞாபகம். கல்யாணம் என்றால் என்ன, தாலி என்றால் என்ன என்பது பொருள் ஞாபகம். சைக்கிள் மிதிப்பதும் தோசை வார்ப்பதும் செய்கை ஞாபகம். ஒரு போன் நம்பரைக் கேட்டு எழுதும்வரை மனத்தில் பிடித்து வைப்பது வேறொரு வகை. இவை மூளையின் வெவ்வேறு வலைப்பின்னல்களைச் சார்ந்தவை. ஒவ்வொரு மறதி நோயும் ஒவ்வொன்றை முதலில் தொடுகிறது. அதனால்தான் 'எதை மறந்தார்' என்பது மருத்துவக் கேள்வி ஆகிறது.

முதலில் அல்சைமர். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல விடுதியில் அகஸ்டே டெட்டர் என்ற பெண் சேர்க்கப்பட்டார். வயது 51. பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதிவிட்டு அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை மறந்துவிடுவார். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை வெள்ளிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தெரிந்தன. வெளிப்படிவு அமிலாய்ட் என்ற புரதம், உள்முறுக்கு டௌ என்ற புரதம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

டௌ புரதத்தின் சேதம் பெரும்பாலும் முதலில் இறங்கும் இடம், ஹென்றிக்கு வெட்டி எடுத்த அதே பகுதி. அதில் முக்கியமான உறுப்புக்குப் பெயர் ஹிப்போகேம்பஸ், அதாவது கடல்குதிரை. வடிவம் அப்படி. அல்சைமர் நோயாளியின் முதல் குறை, புதிய செய்தி உள்ளே இறங்காமல் போவது. காலையில் பெரிய மகன் வந்துபோனதை மாலையில் கேட்டால் தெரியாது. "பெரியவன் வந்தானே, மாம்பழம் கொண்டுவந்தானே" என்று எடுத்துக்கொடுத்தாலும் தெரியாது. கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பார். ஆனால் 1965இல் பல்லாவரத்தில் வாடகை எவ்வளவு என்று கேட்டால் சொல்லிவிடுவார். "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, அப்புறம் எப்படி நோய்?" என்று வீட்டார் ஏமாறுவது இங்கேதான். பழையது நிற்க, புதியது நழுவுவதே இந்த நோயின் முகம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இது எப்படித் தெரியும்? தலையைக் காதிலிருந்து காதுவரை, முகத்துக்கு இணையாகச் சீவிய ஒரு துண்டைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கீழே, சுருண்ட ஜாங்கிரித் துண்டு போல கடல்குதிரை இருக்கும். அதன் மேல்விளிம்பில் நூல் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. அது மூளை நீர். நல்ல நிலையில் அந்தக் கோடு மெல்லியது. நோய் முற்ற முற்றக் கடல்குதிரை வற்றுகிறது, கறுப்பு அகலமாகிறது. பக்கத்து நீரறை வீங்கினாற்போல் விரிகிறது. பிலிப் ஷெல்டன்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1992இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். சுழியம் முதல் நான்குவரை மதிப்பெண். கண்ணாலேயே பார்த்துப் போடலாம், தனிக் கணினி தேவையில்லை. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலேயே இதைச் செய்ய முடியும்.

ஆனால் வீட்டுக்கு வரும் அறிக்கையில் பல நேரம் இருப்பது, 'ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரஃபி' என்ற ஒரு வரி. வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் என்று பொருள். வீட்டார் அதை "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று மொழிபெயர்த்து, உறையைப் பீரோவுக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் சுருக்கம், எவ்வளவு சுருக்கம் என்று அந்த வரி சொல்வதில்லை. பரிந்துரைச் சீட்டில் மருத்துவர் 'மறதி' என்று மட்டும் எழுதி அனுப்பினால், கதிரியக்க மருத்துவரும் பொதுவாகவே பார்ப்பார். 'ஆறு மாதமாகப் புதிய செய்தி தங்கவில்லை, கடல்குதிரையின் அளவைக் குறிப்பிடவும்' என்று எழுதினால், படமும் அதே, மருத்துவரும் அவரே, ஆனால் பதில் வேறாக வரும்.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். அரிவாள்மனையை எடுத்துக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறோம். நாற்பது வருடம் அதில் காய் நறுக்கிய பெண், "இது... அது தானே... என்ன அது?" என்கிறார். பெயர் மட்டும் போகவில்லை. அது எதற்கு என்பதும் போய்விட்டது. ஆனால் நேற்று யார் வந்தார், எந்தப் புடவை கட்டினார் என்பதைத் தட்டுத்தடுமாறிச் சரியாகச் சொல்கிறார். நிகழ்ச்சி நிற்கிறது, பொருள் கரைகிறது. பொருள்நினைவு டிமென்ஷியா என்று இதைச் சொல்லலாம். இங்கிலாந்தின் எலிசபெத் வாரிங்டன் 1975இல் மூன்று நோயாளிகளைக் கொண்டு இதைப் பிரித்துக் காட்டினார். படத்தில் நெற்றிப்பொட்டு மடலின் முன்முனை, பெரும்பாலும் இடப்பக்கம், கத்தியின் விளிம்பு போல மெலிந்திருக்கும். அல்சைமர் படத்தோடு பக்கத்தில் வைத்தால், பழகிய கண்ணுக்கு வேறுபாடு உடனே தெரியும்.

இதற்கு உறவான முன்மூளை வகையில் மறதி முதலில் இருக்காது, குணம் மாறும். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். அடக்கமாக இருந்தவர் பொது இடத்தில் கூசாமல் பேசுவார். மனைவி அழுதாலும் சலனம் இருக்காது. இனிப்பை ஓயாமல் தின்பார். ஞாபகச் சோதனை வைத்தால் மதிப்பெண் நன்றாகவே வரும். குடும்பம் இதைத் திமிர் என்கிறது, கெட்ட சகவாசம் என்கிறது, செய்வினை என்கிறது. மந்திரித்துக் கயிறு கட்டிய பிறகு, சொத்துத் தகராறு வரைக்கும் போன பிறகு, கடைசியாகத்தான் நரம்பியல் மருத்துவரிடம் வருகிறார்கள். முன்மூளை வற்றியிருப்பதைப் படத்தில் பார்க்கும்போது மனைவி முகத்தில் தெரிகிற துயரத்தில் கொஞ்சம் ஆறுதலும் கலந்திருக்கும். கணவர் மாறவில்லை, அவருக்கு நோய் வந்திருக்கிறது என்று அப்போதுதான் மனைவிக்குத் தெரிகிறது.

மூன்றாவது வகை லூயி உடல் டிமென்ஷியா. 1912இல் பிரீட்ரிக் லூயி என்பவர் பார்கின்சன் நோயாளிகளின் மூளை அணுக்களில் கண்ட உருண்டைகளுக்கு அவர் பெயர். அதே உருண்டைகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி மறதி நோயை உண்டாக்குவதை 1976இலிருந்து விளக்கியவர் ஜப்பானின் கென்ஜி கொசாகா. இந்த நோயாளிக்கு உருவங்கள் தெரியும். "முற்றத்துல ரெண்டு குழந்தைங்க நிக்குது, சாப்பிட ஏதாவது குடு" என்பார். பயம் இருக்காது, படம் தெளிவாக இருக்கும். ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம். நடை சுருங்கும். இவற்றுக்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே, தூக்கத்தில் கனவுக்கேற்ப உதைப்பதும் கத்துவதும் தொடங்கியிருக்கும். மனைவி தனிப் பாயில் படுக்கத் தொடங்கி வருடக்கணக்கு ஆகியிருக்கும். அந்தச் செய்தியை அவராக மருத்துவரிடம் சொல்வதில்லை, மருத்துவர் கேட்க வேண்டும்.

வாசலில் கோலம் போடும் பெண்களிடம் இன்னோர் அடையாளமும் தெரியக்கூடும். புள்ளி வரிசை சாய்கிறது. சிக்குக் கோலத்தின் இழை தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. மருத்துவமனையில் கடிகாரம் வரையச் சொல்லிச் சோதிப்பதும் இடங்களை அளந்து பார்க்கும் இதே திறனைத்தான். கோலத்தை யாரும் மருத்துவச் சோதனையாக அளவிட்டு வைக்கவில்லைதான். ஆனாலும் தினமும் அந்த வாசலைத் தாண்டுகிற மகளின் கண்ணுக்கு, மருத்துவர் தரும் ஒரு காகிதத்தைவிட அதிகம் தெரியும்.

இந்த நோயில் எம்.ஆர்.ஐ. அவ்வளவாகக் கைகொடுக்காது. கடல்குதிரை ஓரளவு நன்றாகவே இருக்கும். அதுவே ஒரு துப்பு. டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டும் தனி ஸ்கேன் ஒன்று உண்டு. நல்ல மூளையில் இரண்டு பக்கமும் காற்புள்ளி போல ஒளிரும் வடிவம், லூயி நோயில் வால் தேய்ந்து முற்றுப்புள்ளி போல ஆகிவிடும். அல்சைமர் நோயில் காற்புள்ளி காற்புள்ளியாகவே இருக்கும். இந்தப் பிரிவினை ஏட்டுக்கு மட்டும் உதவுவதல்ல. உருவங்கள் தெரிகின்றன என்றதும் ஹேலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால், லூயி நோயாளியின் உடல் மரக்கட்டையாக விறைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காற்று கருப்பு என்று நினைத்து விபூதி போடுவதால் நேரம் வீணாகும். தவறான மாத்திரையால் ஆளே போய்விடக்கூடும்.

நான்காவது, இரத்தக் குழாய் டிமென்ஷியா. நம் மண்ணில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இதைத் தடுக்க வழி இருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் போனால், மூளையின் உட்புறத்து நுண்குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. எம்.ஆர்.ஐ.யில் வெண்மையான திட்டுகளாக, முற்றிய நிலையில் சுண்ணாம்பு பூசினாற்போல், அது தெரியும். இங்கே மறதியின் தன்மையே வேறு. "நேத்து யார் வந்தா?" என்றால் தெரியாது. "சித்தப்பா வந்தாரா?" என்றால், "ஆமாம், வந்தாரு, பையனுக்குக் கல்யாணம்னு பத்திரிகை குடுத்தாரு" என்று சொல்லிவிடுவார். செய்தி உள்ளே இருக்கிறது, தேடி எடுக்கும் வேகம்தான் போய்விட்டது. எடுத்துக்கொடுத்தும் வராத அல்சைமர் மறதியையும் எடுத்துக்கொடுத்தால் வருகிற இந்த மறதியையும் வீட்டுக் கூடத்திலேயே ஓரளவு பிரித்தறியலாம். வயது ஏற ஏற இரண்டும் ஒரே மூளையில் கலந்திருப்பதும் சகஜம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த மாத்திரையை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்று மட்டும் மக்கள் நினைக்கிறார்கள். மூளைக்கும் அதுவே காவல். லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 விழுக்காடுவரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. உயர் அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் சரிசெய்யாத பார்வைக் குறையும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கித் தருவது அவருடைய மூளைக்குச் செய்யும் உதவி.

எல்லா மறதிக்கும் முதல் ஸ்கேன் எதற்கு என்றால், திருப்பக்கூடிய காரணம் எதையும் தவறவிடாமல் இருப்பதற்கு. 1971 அக்டோபர் முதல் நாள் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி லண்டனில் முதல் நோயாளியின் தலைக்குள் பார்த்தது. அதுவரை மண்டையோட்டைத் திறக்காமல் மூளையை நேராகப் பார்க்க வழி இல்லை. அந்த எளிய சி.டி. இன்றும் பெரிய காரியம் செய்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து, "ஒண்ணும் ஆகல" என்று எழுந்த ஒரு பெரியவர், சில வாரம் கழித்துக் குழம்பத் தொடங்குகிறார் என்றால், மூளைக்கு மேல் பிறை வடிவில் இரத்தம் கட்டியிருக்கலாம். துளையிட்டு வடித்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். கால் தரையில் ஒட்டினாற்போல் நடை, அடக்க முடியாத சிறுநீர், மந்தம் மூன்றும் சேர்ந்தால் மூளை நீர் தேக்கமாக இருக்கலாம். குழாய் வைத்து அதையும் வடிக்கலாம். பி12 சத்துக் குறைவும் தைராய்டு குறைவும் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வும் மறதி வேடம் போட்டு வரும். இவற்றையெல்லாம் பார்க்காமல் "வயசாயிடுச்சு" என்று விடுவது பெரிய அநியாயம்.

மேலே போனால் பெட் ஸ்கேன் இருக்கிறது. ஃபுளோரின்-18 கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, மூளையின் எந்தப் பகுதி அதைக் குறைவாகத் தின்கிறது என்று பார்ப்பது ஒரு வகை. 110 நிமிடத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும் என்பதால் அன்றன்றைக்கே தயாரித்து அன்றன்றைக்கே செலுத்த வேண்டும். அல்சைமரில் மூளையின் பின்-பக்கப் பகுதிகள் மங்கும், முன்மூளை வகையில் முன்பகுதி மங்கும், லூயி வகையில் பார்வைக்குரிய பின்முனை மங்கும். அமிலாய்ட் படிவையே ஒளிரச் செய்யும் இன்னொரு வகையைப் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேத்திஸ் உருவாக்கினார்கள். மனிதர்களில் அதன் முதல் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. இறந்த பிறகே மருத்துவர் அல்சைமரால் காண முடிந்ததை, உயிரோடு இருக்கும்போதே காண வழி பிறந்தது.

அந்த ஒளியை நம்புவதிலும் நிதானம் வேண்டும். 50 வயதில் நல்ல நினைவோடு இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும், 90 வயதில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் அமிலாய்ட் இருக்கும் என்று 2015இல் வெளியான பெருந்தொகுப்பு ஆய்வு கணித்தது. டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் சிலரின் மூளையில் இறப்புக்குப் பின் நோய்ப் படிவுகள் ஏராளமாகக் கிடைத்தன. படத்தில் படிவு தெரிந்தால் மட்டும் ஒருவருக்கு நோய் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. மறதியே இல்லாதவர் பயத்தில் பணம் கட்டி இந்த ஸ்கேனை எடுத்துக்கொள்வது தேவையற்ற வேதனை. அமிலாய்டை நீக்கும் லெகானெமாப் மருந்துக்கு 2023இலும் டோனானெமாப் மருந்துக்கு 2024இலும் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது. ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. மூளை வீக்கமும் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

மார்கழி விடியலில் இந்த மலையடிவாரத்தில் திருப்பாவை கேட்கும்போது, பேத்தியின் பெயரை மறந்த பாட்டி முப்பது பாசுரத்தையும் பிசகாமல் கூடச் சொல்வதைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். பெருமாள் அருள் என்று வீட்டார் சொல்வார்கள். லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் இதற்கொரு மூளைப் படத்தைத் தந்தார்கள். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது விழித்தெழும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோய் மிகவும் தாமதமாகத் தொடும் பகுதிகளோடு பெருமளவு ஒத்துப்போயின. அந்தப் பாட்டி பாடும்போது வாயை மூடச் சொல்லக் கூடாது. அவரிடம் மிச்சம் இருக்கும் நல்ல நிலம் அது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் கண்டதும் இதோடு சேரும். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது, எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும்கூட.

நம் முதியவர்களின் மூளைக்கு எது இயல்பான அளவு என்பதை மேல்நாட்டு அட்டவணையை வைத்தே இன்னும் முடிவு செய்கிறோம் என்பது பெரிய குறை. அது மாறத் தொடங்கியிருக்கிறது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கர்நாடகத்தின் சீனிவாசபுரம் பகுதிக் கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்துவருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களில் 'தரணி' என்ற வரைபடமாக உலகத்துக்கு இலவசமாகத் தந்தது. வளரும் மூளைக்குச் செய்ததைத் தேயும் மூளைக்கும் சென்னையால் செய்ய முடியும், செய்ய வேண்டும். இறந்த பிறகு மூளையைத் தானமாகத் தரும் குடும்பங்கள் கூடினால் அது விரைவாகும்.

மருத்துவத்துக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே வித்து. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வந்துவிடலாம்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டில் பெரியவரோடு அதிக நேரம் இருப்பவர், அது மருமகளோ பேரனோ வேலைக்கு வரும் அம்மாவோ, இரண்டு வாரம் எழுதட்டும். எதை மறந்தார்? எடுத்துக்கொடுத்தால் வந்ததா? பெயர் போனதா, பொருளே போனதா? வழி தவறினாரா? ராத்திரி கத்தினாரா? இல்லாத ஆளைப் பார்த்தாரா? எப்போது விழுந்தார்? குணம் மாறியதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அந்த நோட்டையும் பீரோ மேல் இருக்கும் பழைய ஸ்கேன் உறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567க்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது.